கிணற்றின் மேல் ஒரு மலை

சங்கரன்கோவில்
9 ஜூன் 2024

அன்புள்ள பிரேமலதா அக்கா,

முத்துமீனாள் எழுதுகிறேன். உன் பெரியப்பா துரைப்பாண்டியின் மகள். அக்காவுக்கு எழுதும்போது இன்னார் மகள் என்று சொல்லிக்கொள்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ என்னைக் கடைசியாகப் பார்த்தபோது நான் ஆறாம் வகுப்பு. நாளை பள்ளி திறந்தால் பதினொன்று.

நம் இரண்டு அப்பாக்களும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் ஒரே போன்தான், அது எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். உன் முகவரியைப் பழைய கல்யாணப் பத்திரிகை உறையிலிருந்து எடுத்தேன். பதில் எழுதினால் என் தோழி அப்ரீன் பானு வீட்டுக்கு எழுது. அவள் முகவரி பின்பக்கம் இருக்கிறது.

எழுதக் காரணம் ஒரு படம். போன வாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தையின் போனில் சித்தியின் ஸ்டேட்டஸ் ஓடியது. அதில் நீ மஞ்சள் தலைக்கவசம் போட்டு, கையில் கோடு கோடாக அளவு போட்ட நீளக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். உன்னைச் சுற்றிலும் கடல். கீழே சித்தி எழுதியிருந்தார்: "எம் மவ நிக்கிற எடம் போன வருசம் கடலு."

எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நூலகத்தில் தேடினேன். மும்பையே ஒரு காலத்தில் ஏழு தீவுகள் என்றும், நடுவில் இருந்த தண்ணீரைத் தூர்த்துத்தான் ஒரே ஊர் ஆனது என்றும் ஒரு புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஒன்றரைப் பக்கம்தான். எப்படித் தூர்த்தார்கள், முதலில் எதைப் போட்டார்கள், போட்டது கரையாமல் எப்படி நின்றது என்று ஒன்றும் இல்லை. சிங்கப்பூர், துபாய் என்று பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன. நான் கடலைப் பார்த்ததே இரண்டு முறை, இரண்டும் திருச்செந்தூரில். காலை நனைத்ததும் மணல் நழுவியது. அதன் மேல் எப்படி அக்கா நிற்கிறாய்?

வீட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. அப்பா திருவேங்கடம் சாலையில் மனை வாங்கியிருக்கிறார். ஆவணி இருபதில் கால் நாட்டி வீடு கட்ட ஆரம்பிக்கிறோம். வயலை விற்றதில் மிச்சம் எல்லாம் அதற்குள் போய்விட்டது. இனி அப்பாவிடம் இருப்பது உரக்கடை வேலையும் அந்த மனையும்தான்.

நீ கோபமாக இருந்தால் கடலைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

உன் தங்கை,
முத்துமீனாள்


தாராவி, மும்பை
27 ஜூன் 2024

முத்துமீனாளுக்கு,

கடிதம் வந்தது. பதில் போட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தமிழில் எழுதியும் நாளாகிவிட்டது, பிழை இருக்கும்.

உனக்குச் சண்டையின் காரணம் தெரியாது என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. நம் இரண்டு அப்பாக்களுக்கும் பொதுவான பனவடலிசத்திரத்து வயலை விற்றுப் பதிவு செய்த அன்று அப்பாவோடு நானும் வந்திருந்தேன். விற்க வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம் என்று அப்பா சொன்னார். பத்திர ஆபீஸ் வராண்டாவில் அத்தனை பேர் முன்னால் பெரியப்பா சொன்னது இது: "குப்பையக் கொட்டி அதும்மேல குடியிருக்க பய நீ. ஒனக்கு மண்ணப் பத்தி என்னலே தெரியும்?" அப்பா கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டுக்குக்கூட வராமல் அன்றே மும்பைக்கு ரயில் ஏறிவிட்டோம்.

அந்தக் குப்பையைப் பற்றி நீ தெரிந்துகொள். அப்பா இங்கே வந்தபோது எங்கள் சந்தின் கடைசியில் சதுப்புத் தண்ணீர். அலை ஏறினால் வாசலுக்கு வரும். அவரும் பக்கத்து வீட்டாரும் வேலை முடிந்து வரும்போது ஆளுக்கு ஒரு சுமை கொண்டுவருவார்கள். உடைந்த ஓடு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை, கரித்தூள், தோல் வெட்டிய கழிவு. கொட்டுவார்கள், மிதிப்பார்கள். மழைக்காலத்தில் தரை இறங்கும். திரும்பக் கொட்டித் தளம் போடுவார்கள். எங்கள் வீட்டுத் தரையை இதுவரை ஐந்து முறை ஏற்றியிருக்கிறோம். கூரை அதே கூரை. அதனால்தான் எங்கள் வாசலில் எல்லாரும் குனிந்து நுழைகிறோம். நான் படித்ததும் படுத்து எழுந்ததும் அந்தத் தரையில்தான்.

சரி, கடல்.

நான் டிப்ளமோ முடித்துத் துறைமுக வேலை ஒன்றில் சர்வே உதவியாளராக இருக்கிறேன். முதலில் கடலுக்குள் பெரிய கற்களைப் போட்டு வளையமாகக் கரை கட்டுவார்கள். பிறகு ஒரு கப்பல் வரும். தூரத்தில் கடலடி மணலை உறிஞ்சி வயிற்றை நிரப்பிக்கொண்டு, மூழ்கிவிடுமோ என்கிற மாதிரி தாழ்ந்து வரும். கரைக்கு அருகில் நின்று மணலையும் தண்ணீரையும் வானத்தில் பீய்ச்சும். வளைந்து விழும். வெயில் பட்டால் அதில் வானவில் நிறம் தெரியும். பகல் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு இடத்தில் தண்ணீர் வெளுக்கும். அப்புறம் ஒரு முதுகு மாதிரி ஏதோ எழும்.

முதல் தடவை பார்த்தபோது என் கையில் இருந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டேன். இன்ஜினியர் திட்டினார்.

அதன் மேல் நடக்க விடும்போது, தயிர்மேல் நடப்பது போல அது ஆடும். போனை எடுத்து வரைபடம் பார்த்தேன். நான் இருக்கும் நீலப் புள்ளி கடல் நடுவில் மிதந்தது. அந்த இடத்துக்கு இன்னும் பெயர் இல்லை. யாரும் அங்கே பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு நண்டு மட்டும் நடந்திருந்தது.

ஒரு கேள்வி. உங்கள் மனையில் அதற்கு முன் என்ன இருந்தது?

பிரேமலதா


சங்கரன்கோவில்
24 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

ஆடித்தபசுக் கூட்டத்தில் தபால்காரர்கூட இந்தப் பக்கம் வர முடியவில்லை. உன் கடிதம் அப்ரீன் வீட்டில் நான்கு நாள் காத்திருந்தது.

அப்பா சொன்னதைப் படித்த அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாக இருக்கும், அதை அவர்தான் கேட்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "அவுக ரெண்டு பேரும் அந்த வயல்ல ஒண்ணா உழுதவுகட்டி. விக்கிறதுக்கு உங்கப்பாக்கு மட்டும் வலிக்கலன்னா நெனைக்க?" என்றாள். அது காரணமா சாக்கா என்று எனக்குப் புரியவில்லை.

நண்டு நடந்ததைப் பத்து முறை படித்தேன். அப்ரீனுக்கும் படித்துக் காட்டினேன். வரைபடத்தில் நீ கடலுக்குள் நிற்பதாகக் காட்டியது என்றதும் அவள் தன் கையில் மயிர் சிலிர்த்ததை எனக்குக் காட்டினாள். ஆனால் ஒரு சந்தேகம். அங்கே இருந்த தண்ணீர் எங்கே போனது? வாளியில் கல்லைப் போட்டால் தண்ணீர் ஏறும் அல்லவா?

இனி உன் கேள்வி. எங்கள் மனையில் இருந்தது ஒரு கிணறு. சின்ன வயதில் அந்த வழியாகப் போகும்போது நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பறை அளவு சதுரக் கிணறு. சுற்றிலும் பாறையை வெட்டி இறக்கியது. அடியில் வானம் ஒரு துண்டாகக் கிடக்கும். மனை போட்டவர் அதைத் தூர்த்து மட்டம் பண்ணி, மேலே செஞ்சரள் பரப்பித்தான் விற்றார். மனையில் பாதிக்கு மேல் அந்தக் கிணறுதான். அப்பாவுக்கு அது தெரியும். "சரளு போட்டு நெரப்பியிருக்கான், பாறை மாதிரி நிக்கும்" என்கிறார்.

உங்கள் தரை ஐந்து முறை இறங்கியது என்று படித்ததிலிருந்து எனக்குள் பயம். அப்பாவிடம் சொன்னால் யார் சொன்னது என்பார். என்ன செய்வது?

முத்துமீனாள்


தாராவி
3 ஆகஸ்ட் 2024

மீனா,

உன் தண்ணீர் கேள்வியை எங்கள் இன்ஜினியரிடம் கேட்டேன். சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். கடலில் எடுத்த மணலைக் கடலில் போட்டால் கணக்கு சரியாகிவிடும், மலையை உடைத்துக் கொண்டுவந்து போடும் கல்லுக்குத்தான் கடல் ஏற வேண்டும், உலகத்துக் கடல் முழுக்கப் பரவி ஏறுவதால் யார் கண்ணுக்கும் தெரியாது என்றார். அப்படியானால் நாங்கள் இங்கே ஒரு கல் போட்டால் திருச்செந்தூரில் உன் காலடியில் ஏதோ ஆகிறது. அன்று முழுக்க எனக்கு ஒவ்வொரு லாரியும் வேறு மாதிரித் தெரிந்தது.

இங்கே எல்லாம் அதிசயம் என்று நினைத்துவிடாதே. போன வாரம் ஒரு மீனவர் படகில் வந்து கற்கரை ஓரம் நின்றார். முன்பு தான் வலை போட்ட இடம் எது என்று கேட்டார். இன்ஜினியர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்த இடம்தான். நகர்ந்து நின்றேன். நகர்ந்து என்ன.

இப்போது உன் மனை. கிணற்றின் மேல் வீடு கட்டினால் பாதி வீடு பாறைமேல் நிற்கும், பாதி வீடு புது மண்மேல் நிற்கும். பாறை அசையாது. புது மண் இறங்கும். நடுவில் சுவர் பிளக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. தூர்த்த நிலம் எல்லாமே இறங்கும், கடலிலும் இறங்குகிறது. இறங்கி முடிகிற வரை நாங்கள் எதுவும் கட்டுவதில்லை. சீக்கிரம் இறங்கட்டும் என்று அதன் மேல் மணலை மலையாகக் குவித்து வைப்போம். பாரம் தாங்காமல் மண் தன் தண்ணீரைக் கக்கும். ஒரு வருடம், சில இடத்தில் இரண்டு வருடம். பிறகு அந்த மலையை அள்ளி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவோம். நிற்பதற்காக ஒரு மலை கட்டுவார்கள் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். எடுப்பதற்காகவே கட்டும் மலை இது.

இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இரும்புத் தகட்டில் ஒரு கம்பியை நிமிர்த்திப் பற்றவைத்து மண்ணில் முழங்கை ஆழம் புதைப்போம். கம்பியின் தலை மட்டும் வெளியே தெரியும். மண் இறங்கினால் தகடு இறங்கும், கம்பியும் இறங்கும். அசையாத ஒரு இடத்திலிருந்து அதன் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் செய்யும் வேலையே அதுதான். உங்கள் ஊர்க் கொத்தனார்களிடம் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிய டியூப் இருக்குமே, அது போதும்.

கம்பி இறங்குவதைப் பெரியப்பா கண்ணால் பார்க்கட்டும். என் பெயர் வேண்டாம்.

பிரேமா


சங்கரன்கோவில்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

உன் தகடு இங்கே ஒரு தோசைக்கல். நடுவில் குழிந்துபோனதென்று அம்மா பரணில் போட்டிருந்தாள். பட்டறையில் கொடுத்து அதன் மேல் ஒரு குழாய்க் கம்பியைப் பற்றவைத்தேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, மண் தாழ்கிறதா என்று பார்க்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை, பெயரும் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டைக் கட்டப்போகிறவர் மூக்காண்டி கொத்தனார். அவரே குழி தோண்டிப் புதைத்துக் கொடுத்தார். "ஏட்டி, வீட்டுக்குக் கால் நாட்டுததுக்கு முந்தி தோசைக்கல்லு நாட்டுன மொத ஆளு நீதான்" என்று சிரித்தார். மனைக்கு வெளியே பாறைமேல் பழைய மோட்டார் அறைப் படி ஒன்று இருக்கிறது. அதை அசையாத இடமாக வைத்துக்கொண்டு, டியூபின் ஒரு முனையை அவர் பிடிக்க மறு முனையை நான் கம்பியில் வைத்துக் கோடு போட்டேன். அப்பா தள்ளி நின்று பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை என்னவோ செய்கிறது என்று விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கம்பி அசையவில்லை. அப்பா, "கால் நாட்டுததுக்கு முன்ன தண்ணி விட்டா சரளு நல்லா இறுகிரும்" என்று லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மூன்று நாள் விட்டார். மனை அத்தனையையும் குடித்தது. நான்காம் நாள் டியூபை வைத்துப் பார்த்தோம்.

அக்கா, கம்பி ஏறியிருக்கிறது.

கோட்டைத் தப்பாகப் போட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூக்காண்டி முனையை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். ஒரு விரல் அகலம் ஏறித்தான் இருக்கிறது. "அண்ணாச்சி, பேசாம இருந்தா இந்த மண்ணே உங்க வீட்ட மாடி வரைக்கும் தூக்கிக் குடுத்துரும் போலுக்கே" என்றார் அவர். அப்பா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "தாழும்னு பயந்தியே, பாத்தியா, நம்ம மண்ணு வளருது" என்று என் தலையைத் தட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. கால் நாட்டுக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நீ சொன்னதற்கு நேர்மாறாக நடக்கிறது. நிலம் ஏறுமா அக்கா?

மீனா


தாராவி
26 ஆகஸ்ட் 2024

மீனா,

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த நிலம் எல்லாம் இறங்கியதுதான். ஏறிய நிலத்தை நான் பார்த்ததில்லை. இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்கிறேன்.

ஆனால் அது எனக்கு நல்லதாகப் படவில்லை. சும்மா கிடக்கிற மண் ஏறாது. உள்ளே ஏதோ இருக்கிறது. கால் நாட்டைத் தள்ளிவைக்கச் சொல். எப்படியாவது சொல். என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிக்கொள்.

பிரேமா


சங்கரன்கோவில்
4 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாளைக்கு ஆவணி இருபது. கால் நாட்டு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் திரும்பவும் மட்டம் பார்த்தோம். இன்னும் ஏறியிருந்தது. இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை. கம்பியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மூக்காண்டியிடம் சொன்னார்.

"தண்ணி குடிச்சா ஏறுத மண்ணு ஒண்ணே ஒண்ணுதாம்வே இருக்கு. மண்வெட்டிய எடும்."

முழங்கால் ஆழம் வரை சிவப்புச் சரள். அதற்குக் கீழே கறுப்பு. ஈரத்தில் மினுமினுத்தது. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. அதில் குளத்து நத்தை ஓடுகள் இருந்தன. ஏதோ ஒரு கரிசல் குளத்தில் தூர் வாரிய வண்டல், கரம்பை. சும்மா கிடைத்ததை அப்படியே கிணற்றில் கொட்டி, மேலே மட்டும் சரளைப் பரப்பியிருக்கிறார்கள்.

உனக்குக் கரிசல் தெரியாது, அதனால் சொல்கிறேன். அது மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சித்திரை மாதம் நம் வயலில் வெடிப்புக்குள் என் கை முழுக்கப் போகும். நாற்பது வருடம் அப்பா அதில்தான் உழுதார். மேலே சிவப்பாக இருந்ததால் அடியில் அது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதன் மேல் வீடு இருந்தால் ஒவ்வொரு ஐப்பசிக்கும் தூக்கி ஒவ்வொரு சித்திரைக்கும் கீழே போட்டிருக்கும்.

அப்பா ஒரு கட்டியை எடுத்து உருட்டினார். விரலால் அழுத்தினார். மோந்து பார்த்தார். "மொதல் தரமான மண்ணு" என்றார். "இதுல பருத்தி போட்டா எப்படி வரும் தெரியுமா." அப்படியே குழியோரம் உட்கார்ந்துவிட்டார். மூக்காண்டியும் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மண்ணே ஒருவரை ஏமாற்றியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மனை விற்றவரிடம் போனார்கள். தூர்த்துத் தருவதாகத்தான் சொன்னேன், என்ன மண் என்று நீர் கேட்டீரா என்றாராம்.

அன்று சாயந்தரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்கள், அப்ரீன் வீட்டு முகவரி, தகடு, நீ. திட்டுவார் என்று காத்திருந்தேன். உன் முதல் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். தரையை ஐந்து முறை ஏற்றியதை எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அதே பக்கத்தில் அவர் பேசியதும் இருந்தது. இரண்டையும் படித்திருப்பார்.

பிறகு இப்படிச் சொன்னார், நான் எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "தண்ணியில கொட்டி எப்படி நிப்பாட்டுனான்னு அவன்ட்ட கேட்டு எழுது. யாரு கேட்டான்னு எழுதாண்டாம்."

அதனால் யாரோ கேட்கிறார்கள் அக்கா. சித்தப்பாவிடம் கேள்.

மீனா


தாராவி
14 செப்டம்பர் 2024

மீனா,

அப்பா ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தை வாசித்தேன். மெஷினை நிறுத்தவில்லை. கரம்பை என்ற இடத்தில் மட்டும் கால் நின்றது. "கரம்பையா? கெணத்துக்குள்ளயா?" என்றார். அப்புறம் தைத்து முடித்தார்.

கடைசி வரியை வாசித்ததும் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "யாரு கேட்டான்னு எனக்குத் தெரியாது. அதனால தெரியாத ஆளுக்குச் சொல்லுதமாரியே சொல்லுதேன், எழுதிக்கோ" என்றார். எழுதினேன்:

"நாங்க ஒரு வித்தையும் பண்ணல. கொட்டுவோம், அது முழுங்கும். திரும்பக் கொட்டுவோம். அது முழுங்கி முடிக்கிற மட்டும் வீட்டுமேல ஆசப்படாம இருந்தோம். அதுதான் கஷ்டம். மத்ததெல்லாம் சும்மா சுமக்கிறதுதான்."

இன்ஜினியர் வந்துவிட்டார். உன் தோசைக்கல்லைச் சொன்னேன். உன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், ஏன் என்று தெரியவில்லை. கறுப்பு மண்ணை ஒரு கூடை விடாமல் எடுத்துவிட வேண்டும் என்றார். அடியில் தண்ணீர் இருந்தால் அதற்குள் மண்ணே கூடாது, பெரிய கற்கள் மட்டும், கடலில் நாங்கள் செய்வது போல. தண்ணீருக்கு மேலே சரளை அடுக்கு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். கடைசியில் மலை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதன் மேல் கடக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினார். எங்கே என்று அம்மா கேட்டாள். "எழுத்துல சொன்னா அந்த ஆளுக்குப் புரியாது. மண்ணுன்னா தனக்குத்தான் தெரியும்னு நிப்பாரு" என்றார். எந்த ஆள் என்று அம்மா கேட்கவில்லை.

ஸ்டேஷனில் யாராவது நிற்பார்களா?

பிரேமா


சங்கரன்கோவில்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சித்தப்பா போனில் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறவற்றை எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் அப்பா நின்றார். வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் நின்றார். சித்தப்பா இறங்கியதும் அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை இரண்டு பேரும் மழை எப்போது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். மறுநாள் குழிக்குள் இறங்கி நின்றபோதுதான் அப்பா சொன்னார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே: "அன்னைக்கு வராண்டாவுல பேசுனது தப்புலே." சித்தப்பா கூடையை எடுத்துத் தோளில் வைத்தபடி, "பேசுனது தப்பு, வயல வித்தது அதவிடத் தப்பு. மம்பட்டியப் பிடியும்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. இனி நீ வருத்தப்பட வேண்டாம்.

கறுப்பு மண்ணை என்ன செய்வது என்று நாங்கள் தவித்தபோது அது ஒரு பிரச்சினையே இல்லாமல் போனது. விதைப்புக்கு முந்தின நேரம். கரம்பை சும்மா கிடைக்கிறது என்று அப்பா உரக்கடையில் ஒரு வார்த்தை சொன்னதும் டிராக்டர்கள் வந்துவிட்டன. மண்ணை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் திரும்பும்போது கல்லும் சரளும் கொண்டுவந்து தட்ட வேண்டும் என்று பேச்சு. அந்த மண் இப்போது யார் யார் வயலிலோ இருக்கிறது. அதன் மேல் பருத்தி முளைத்திருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

கடைசிக் கூடை ஏறிய நாள் நான் பள்ளியிலிருந்து நேராக மனைக்குப் போனேன். அக்கா, கிணறு திரும்ப வந்திருந்தது. பாறைச் சுவரில் அந்தக் காலத்தில் வெட்டிய உளி அடையாளங்கள் அப்படியே இருந்தன. அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே, மேலே அத்தனை மண் கிடந்தபோதும், ஒரு மூலையில் அது ஊறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாங்களும் மூக்காண்டியும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். தூர்க்காமலே விட்டுவிடலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா அதை இரண்டு நாள் யோசித்தார். ஆனால் எங்களுக்கு இருப்பது இந்த ஒரு இடம்தான். கடலைத் தூர்க்கிறவர்களும் வேறு இடம் இல்லாமல்தான் தூர்க்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

கற்களைப் போட்டோம். முதல் கல் விழுந்ததும் தண்ணீர் விலகி, திரும்பி, கல்லைச் சுற்றிக்கொண்டது. இன்ஜினியர் சொன்னபடி தண்ணீர் மட்டம்வரை கல் மட்டும்தான். அந்த இடுக்குகளில் தண்ணீர் இப்போதும் நடமாடும் என்கிறார் சித்தப்பா. எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு கிணறு கண்ணுக்குத் தெரியாமல் உயிரோடு இருக்கும். நடக்கும்போதுகூட, கீழே என்ன இருக்கிறதோ என்று மெதுவாகக் கால் வைக்கிறேன்.

அதற்கு மேல் சரள், அடுக்கடுக்காக. சித்தப்பாவும் அப்பாவும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். ஒரு அடுக்கு போதுமென்று அப்பா சொன்னால் சித்தப்பா குதிகாலால் மிதித்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்பார். அப்பா இடிப்பார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தரைமட்டம் வந்துவிட்டது. பிறகு மலையைக் குவித்தோம்.

தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். வீடு கட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மண்ணைக் குவித்து அதற்குக் காவல் இருக்கிறார் என்கிறார்கள். டீக்கடையில் அதற்குத் துரைப்பாண்டி மலை என்று பெயர். முன்பென்றால் அப்பா அந்தக் கடைக்குப் போவதையே விட்டிருப்பார். இப்போது போய் உட்கார்ந்து, அது ஏன் என்று அவர்களுக்கு விளக்குகிறார். கேட்கிறவர்கள் எழுந்து போன பிறகும் விளக்குகிறார். நாங்கள் இன்னொரு வருடம் வாடகை வீட்டில்தான். அம்மாவுக்கு அது வருத்தம், எனக்கும் கொஞ்சம்.

தோசைக்கல்லை மறுபடி புதைத்திருக்கிறோம். மலையின் உச்சிவரை கம்பியை நீட்டிவிட்டார்கள். மட்டம் பார்ப்பது இப்போது என் வேலை இல்லை, அப்பா விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்காண்டியை வீட்டிலிருந்து இழுத்து வந்துவிடுகிறார். கம்பி இறங்குகிறது. மெதுவாக, நீ சொன்னபடி இறங்குகிறது. ஒவ்வொரு தடவை இறங்கியதும் அப்பாவுக்குத் திருப்தி. "முழுங்குது" என்கிறார்.

நேற்று மழை விட்டிருந்தது. நான் மட்டும் மலைமேல் ஏறினேன். இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊர் தட்டையான ஊர், இந்தத் தெருவிலிருந்து எதிர்வீட்டுச் சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மேலே போய் நிமிர்ந்தேன். மேற்கே, வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் பின்னால், வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலைத்தொடர் முழுதாக, நீலமாக, மேகம் உட்கார்ந்தபடி நின்றது. நான் பிறந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. கீழே இறங்கினேன், காணவில்லை. ஏறினேன், இருந்தது. அப்பாவையும் சித்தப்பாவையும் கூப்பிட்டு ஏற்றினேன். இருவருக்கும் நிற்க இடம் போதவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஆவணிக்கு முன் இதை அள்ளிவிடுவார்கள். அப்புறம் இங்கே வீடு இருக்கும், இந்த இடத்திலிருந்து அந்த மலை யாருக்கும் தெரியாது. சித்தப்பா பொங்கல்வரை இங்கேதான் இருக்கிறார். லீவு கேள் அக்கா. மலை இருக்கும்போதே வா.

உன் தங்கை,
மீனா